அஜெண்டாவை எங்களுக்கும் காட்டுங்கள்: கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி எல்லாம் சேர்த்து 12,838 வார்டுகள். அதற்கு முன், 2016 அக்டோபரோடு பழைய மன்றங்களின் காலம் முடிந்துபோய், ஐந்து வருடத்துக்கும் மேலாக எங்கள் ஊர்களுக்குத் தனி அலுவலர்தான் எல்லாம். தீர்மானத்துக்கான பொருளை வைப்பவரும் அவர், ‘அனுமதிக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுபவரும் அவர். அதனால் நீங்கள் ஜெயித்து வந்தபோது எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தெருவிளக்கு எரியாவிட்டால் கூப்பிட்டுக் கேட்க ஊருக்குள்ளேயே ஓர் ஆள் கிடைத்தார் என்ற நிம்மதி.

விளக்கு விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். போன் போட்டால் எடுக்கிறீர்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆள் அனுப்புகிறீர்கள். கல்யாணத்துக்கு வருகிறீர்கள், சாவுக்கும் வருகிறீர்கள். ஆனால் மாதம் ஒருமுறை நீங்கள் எல்லோரும் ஒரு அறையில் கூடுகிறீர்களே, அங்கே எங்கள் பணத்தை வைத்து என்ன முடிவு செய்கிறீர்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிவதே இல்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு முன் அஜெண்டாவை எங்களுக்கும் காட்டுங்கள். கூட்டம் நடக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள், பின்வரிசையில் பத்து நாற்காலி போடுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன தீர்மானம் ஆனது, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதை வெளியிடுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்றுதான் பெரும்பாலும் எழுதப் போகிறேன். எங்கள் உரிமை, எங்கள் வரிப்பணம் என்றெல்லாம் சொன்னால் நீங்களும் தலையாட்டுவீர்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர் மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். (ஊர் பெயர் வேண்டாம். படிக்கிற பாதிப் பேர் தங்கள் ஊர் என்றே நினைப்பார்கள்.) காலை 11 மணி என்று போட்டிருப்பார்கள், தலைவர் வர 12 ஆகும். நிருபர்களுக்கு வாசல் ஓரமாக ஒரு பெஞ்சு. பொதுமக்களில் ஒருவர் எட்டிப் பார்த்தால் அலுவலக உதவியாளர் வந்து, “சார் யாரு? மனு குடுக்கணும்னா கீழ குடுங்க” என்பார். உள்ளே ஓர் எழுத்தர் பொருள் எண்களை வேகமாகப் படிப்பார். நாலைந்து எண் போனதும் ஒருவர் குடிநீர்ப் பிரச்சினையைக் கிளப்புவார், இன்னொருவர் அவரைப் பார்த்துக் கத்துவார், இருவர் வெளிநடப்பு செய்வார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே யாரோ ஒருவர் “ஆல் பாஸ்!” என்பார். மேசையைத் தட்டுவார்கள். முப்பது நாற்பது பொருள்களும் பாஸ். மறுநாள் பேப்பரில் வெளிநடப்பு மட்டும் படத்தோடு வரும். பாஸ் ஆனவை என்னென்ன என்று ஒரு வரியும் வராது.

அந்த ‘ஆல் பாஸ்’ கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிய மனு. முப்பது நாள் முடிகிற சமயத்தில், ‘கோரப்பட்ட தகவல் அதிகப் பக்கங்கள் கொண்டதால் அலுவலகத்துக்கு நேரில் வந்து பார்வையிடலாம்’ என்று பதில் வந்தது. போனேன். சட்டப்படி முதல் ஒரு மணி நேரம் பார்வையிட இலவசம். அந்த ஒரு மணி நேரம் என் ஊரைப் பற்றி எனக்குக் கொடுத்த விவரத்தை அதற்கு முன் எந்த நாளிதழும் கொடுத்ததில்லை.

பேருந்து நிலையக் கடைகளின் ஏலம், கட்டணக் கழிப்பறைக் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்டு, வாரச்சந்தை வசூல், பிளீச்சிங் பவுடர் கொள்முதல், எல்.இ.டி. பல்பு, கொசு மருந்து அடிக்கத் தினக்கூலி ஆட்கள், குடிநீர் மோட்டார் பழுது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘அலுவலகக் குறிப்பு’ என்று ஒரு வரி. அநேகமாக எல்லாவற்றிலும் ‘மன்றம் அனுமதிக்கலாம்’ என்றே இருந்தது. ஒரு பொருள் என் கண்ணில் நன்றாகப் பட்டது. எங்கள் தெருவை ஒட்டிய வடிகாலில் தூர்வார ஜேசிபி வாடகை. அந்த வடிகாலுக்கு மேல் அதற்கு முன்பே சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையைப் பெயர்க்காமல் ஜேசிபி எப்படி உள்ளே கை விட்டது? ஒருவேளை வடிகாலின் வேறு பகுதியாக இருக்கலாம், எழுத்துப் பிழையாகக்கூட இருக்கலாம். சந்தேகம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கள் தெருவில் இருக்கிற எவருக்கும் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். மன்றத்தில் இருந்த ஒருவருக்கும் வரவில்லை, ஏனென்றால் அந்த வார்டு கவுன்சிலர் அந்நேரம் வெளிநடப்பில் இருந்தார்.

அந்தப் பொருளின் வாசகத்தை இன்னொரு முறை படித்தேன். ‘அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட மேற்படி பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது.’

இந்தப் பின்னேற்புதான் நான் உங்களிடம் முக்கியமாகப் பேச விரும்பும் விஷயம். வேலை முடிந்துவிட்டது. பில் தயாராகிவிட்டது. சில சமயம் பணமும் போய்விட்டது. அதற்கு அப்புறம் உங்கள் கைக்குக் காகிதம் வருகிறது, நீங்கள் மேசையைத் தட்டுகிறீர்கள். குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர் ஓடினால் மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது, அது யாருக்கும் புரியும். ஆனால் பிளீச்சிங் பவுடருக்கு என்ன அவசரம்? வடகிழக்குப் பருவமழை வருடாவருடம் அக்டோபரில்தான் வருகிறது. தூர்வாருவது எப்படி ஒவ்வொரு வருடமும் ‘அவசர அவசியம்’ ஆகிறது?

தணிக்கையில் ஆட்சேபணை வரும் நாளில் அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். தீர்மானப் புத்தகத்தில் இருப்பது உங்கள் மன்றத்தின் அனுமதி. ஊரில் இருப்பதும் நீங்கள்தான்.

“எங்களுக்கே அஜெண்டா முதல் நாள் ராத்திரிதான் வருது” என்று மன்றத்தில் எழுந்து கத்துகிற கவுன்சிலர்களைப் பார்த்திருக்கிறேன். கமிஷனர் கேட்பதில்லை, இன்ஜினியர் மதிப்பதில்லை, சென்னையிலிருந்து எல்லாம் முடிவாகி வருகிறது, நாங்கள் ரப்பர் ஸ்டாம்ப்தான் என்று தனியாகப் பேசும்போது நீங்களே சொல்கிறீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று அரசு அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம்வரை போனது. தீர்மானம் போட வேண்டியது மட்டும் உங்கள் மன்றங்கள். போட்டீர்கள். திட்டு வாங்கியதும் நீங்கள்தான். அரசாணையை எங்களிடம் முன்கூட்டியே காட்டி, ‘இதுதான் வந்திருக்கிறது, உங்கள் ஆட்சேபணையைச் சொல்லுங்கள், மன்றத்தில் பதிவு செய்கிறோம்’ என்று ஒரு கூட்டமாவது வைத்திருந்தால், குறைந்தபட்சம் யார் முடிவு இது என்பதாவது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

கதவு மூடியிருக்கும்வரை மன்றத்துக்குள் பலம் அதிகாரிக்குத்தான். கோப்பு அவரிடம், விதி அவரிடம், மதிப்பீடு அவரிடம். உங்களிடம் இருப்பது உங்கள் வார்டு ஜனம் மட்டும், அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகிறீர்கள். பின்வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ‘இந்த மதிப்பீட்டை விளக்குங்கள்’ என்று நீங்கள் கேட்டால் இன்ஜினியர் விளக்கித்தான் ஆக வேண்டும். அஜெண்டா ஏழு நாள் முன்பே ஊரில் சுற்றினால், முதல் நாள் ராத்திரி யாரும் உங்கள் தலையில் நாற்பது பொருளைக் கட்ட முடியாது.

பெண் கவுன்சிலர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். 2016-ல் வந்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு. ஆனாலும் ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’ என்ற பதவி எந்தச் சட்டத்திலும் இல்லாமலே பல ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் உறுப்பினர் மன்றத்தில் எழுந்து கேட்ட கேள்வியை அவருடைய வார்டு நேரில் பார்த்தால், அடுத்த நாள் மனுவோடு யாரிடம் போக வேண்டும் என்று ஜனங்களுக்கே தெரிந்துவிடும்.

சரி, கிராமத்துப் பக்கம் திரும்புவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அதன்படி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். 500 பேர் உள்ள ஊரில் 50 பேர், 10,000-க்கு மேல் போனால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். செலவுக் கணக்கைப் படிவம் 30-ல் எழுதி அங்கே வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி ‘குறைவெண்’ (கோரம்) கணக்குக் காட்டும் ஊர்களும் இருக்கின்றன. கணக்கை யார் காதிலும் விழாதபடி படித்து முடிக்கும் செயலர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் அங்கே ஒருவர் எழுந்து, ‘அந்த போர்வெல்லுக்கு இவ்வளவா?’ என்று கேட்க இடம் இருக்கிறது.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்று மேலூர்ப் பக்கம் பார்த்தோம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. அதே மாதம் 23-ம் தேதி கிராம சபைகள் கூடி, அரிட்டாபட்டி சுற்றுவட்டார ஊர்களில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் திட்டம் நிற்கவில்லை. ஆனால் அந்த ஊர் என்ன நினைக்கிறது என்பது தீர்மானமாக எழுதப்பட்டு இருக்கிறது. நாளைக்கு யாரும் ‘மக்கள் சம்மதித்தார்கள்’ என்று சொல்ல முடியாது. இதே போன்ற ஒன்று நகராட்சி எல்லைக்குள் நடந்தால் எங்கள் கருத்து எந்தப் புத்தகத்தில் ஏறும்?

2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்க அரசு இறங்கியபோது கிராமத்து ஜனங்கள் சாலைக்கு வந்தார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்றார்கள். இரண்டும் நியாயமான பயம். அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. இணைப்பு நடக்கும் அன்றோடு அவர்களுடைய கிராம சபையும் போய்விடுகிறது.

நகரங்களுக்குப் பகுதி சபா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022-ல் விதிகள் வந்தன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதி, கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு என்று ஏற்பாடு. அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாளும் குறித்தார்கள். இந்த நாட்கள் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எங்கள் வார்டில் நடந்த ஒன்றுக்குப் போனேன். பேனர் இருந்தது, ஷாமியானா இருந்தது, டீயும் பிஸ்கட்டும் வந்தது. வருகைப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், மனுக்களை வாங்கிக்கொண்டார்கள். வார்டுக்கு அந்த வருடம் எவ்வளவு ஒதுக்கீடு, அதில் எவ்வளவு செலவு என்று ஒருவர் கேட்டதற்கு, “அது மன்றத்துல வர்ற விஷயம்” என்று பதில் வந்தது. மன்றத்தில் என்ன வந்தது என்பதுதான் நமக்குத் தெரியாதே! பகுதிப் பிரதிநிதிகளும் நியமனம்தான், தேர்தல் இல்லை. அவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

மனு வாங்குவது வேறு, கணக்குச் சொல்வது வேறு. நம் ஊர்க் கூட்டங்கள் எல்லாம் மெதுவாக மனு வாங்கும் கூட்டமாக மாறிக்கொண்டிருக்கின்றன. மனு கொடுப்பவர் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கணக்கைச் சத்தமாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட்கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் ‘ஜன் சுன்வாய்’ (மக்கள் விசாரணை) நடத்தியது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவே உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தந்தப் பெயருக்கு உரியவர்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, வராத பொருளுக்கு பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தணிக்கையும் தாண்டிவிடும். ஊர் ஜனம் காதால் கேட்டபோதுதான் சரியில்லை என்று தெரிந்தது. 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா, பிறகு நாடு முழுக்கப் பேச்சு, கடைசியில் 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் என்று போன பாதை அங்கிருந்துதான் தொடங்கியது. உள்ளாட்சிக் கணக்குதான் அந்தச் சட்டத்தின் தாய்.

இத்தனைக்கும், மாநில அளவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடு. 1997-ல். அதில் விதிவிலக்குகள் ஏகப்பட்டவை, பெரிதாக உதவவில்லை என்பது வேறு கதை. 2005 சட்டத்தின் 4(1)(பி) பிரிவில் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டிய விவரங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் எட்டாவது இனத்தைப் படித்துப் பாருங்கள். அந்த அமைப்பின் மன்றங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்று வெளியிட வேண்டும். சட்டம் வந்து 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் ‘விரைவில்’ என்று இருக்கிறது.

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின் வாசகத்தைச் சுருக்கி, மறுப்பதை எளிதாக்கிவிட்டது. முன்பு, பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்கலாம். திருத்தத்துக்குப் பின் ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரு சொல்லே போதும். ஒப்பந்ததாரர் பெயர், ஏலம் எடுத்தவர் பெயர் எல்லாம் இனி இந்தக் காரணத்தால் மறுக்கப்படலாம் என்று பயமாக இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் சொல்லிக் கேட்க மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று அலைய வேண்டும். மன்றம் தானாகவே வெளியிட்டுவிட்டால் மனுவும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கதை ஒன்றிரண்டு சொல்லிவிட்டு விடுகிறேன், ரொம்ப நீட்ட மாட்டேன். கலிபோர்னியாவில் 1953-லேயே பிரவுன் சட்டம் என்று ஒன்று வந்தது. நகர சபையின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு அஜெண்டாவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், வந்தவர்களைப் பேசவும் விட வேண்டும். புளோரிடாவில் 1967-ல் வந்த சட்டம் இன்னும் கறார். ஒரே மன்றத்தின் உறுப்பினர் இருவர், மன்றத்துக்கு வரப்போகும் விஷயத்தைத் தனியாக உட்கார்ந்து பேசுவதே தவறு. (நம் ஊரில் அதை அமல்படுத்தினால் டீக்கடைகள் பாதியை மூட வேண்டியிருக்கும்.) இங்கிலாந்தில் 1960-ல், உள்ளாட்சிக் கூட்டங்களில் பத்திரிகையாளரையும் பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர். அவர் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சே அதைப் பற்றித்தான். அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் புதிதாக வந்த ஓர் உறுப்பினர் முதல் வேலையாக எதை எடுத்தார் என்று பாருங்கள்.

வெளிநாடு எதற்கு, உள்ளூரிலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வை 2022 செப்டம்பரிலிருந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறது. கட்டணக் கழிப்பறை ஏலம் மட்டும் அவற்றைவிட ரகசியமா?

மேடையில் ஏறினால் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லாமல் இறங்க மாட்டீர்கள். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்றும் வெட்டியிருக்கிறார்கள். பானையில் ஓலை போட்ட பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. (அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். கதவைத் திறந்தால் கலாட்டா ஆகும் என்பீர்கள். இப்போது உள்ளே நடக்கிற கலாட்டாவில் பொதுமக்கள் ஒருவர்கூட இல்லையே. செல்போனில் எடுத்து ரீல்ஸ் போட்டு மானத்தை வாங்குவார்கள் என்பீர்கள். சிலர் செய்வார்கள்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு மருந்து முழுக் கூட்டத்தையும் நகராட்சியே பதிவு செய்து போட்டுவிடுவதுதான். முப்பது நொடித் துண்டு காட்டுகிறவருக்கு மூன்று மணி நேர வீடியோவைக் காட்டலாம். யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் கொஞ்சம் வலுவான மறுப்பு. நிஜம்தான், மாதாமாதம் கூட்டம் அலைமோதாது. முதல் இரண்டு மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், எல்லாவற்றுக்கும் மனுப் போடுகிற என்னைப் போன்ற இரண்டு பேரும்தான் வருவோம். ஆனால் சந்தை வாடகை உயரும் மாதம் வியாபாரிகள் வருவார்கள். குப்பைக் கிடங்கு இடம் பார்க்கும் மாதம் அந்தப் பக்கத்துத் தெருக்கள் மொத்தமும் வரும். அந்த நாளில் கதவு திறந்திருந்தால் சாலை மறியல் வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் எல்லோர் முன்பும் பேச முடியாது என்பதும் சரி. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் வக்கீல் சொன்ன யோசனை, ஓர் ஊழியர் மேல் விசாரணை, திறக்காத டெண்டர், இவற்றுக்குக் கதவைச் சாத்தலாம். கலிபோர்னியாவிலும் சாத்துகிறார்கள். என்ன விஷயத்துக்காகச் சாத்துகிறோம் என்று சொல்லிவிட்டுச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

தீர்மானம் எழுதும் சிரமத்தையும் உங்களுக்கு வைக்கவில்லை. அலுவலக நடையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வெட்டலாம், சேர்க்கலாம்.

‘பொருள்: மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதித்தல் தொடர்பாக. இம்மன்றத்தின் சாதாரண மற்றும் அவசரக் கூட்டங்களுக்கான பொருள் நிரல், மதிப்பீட்டு விவரங்களுடன், உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் அதே நாளில் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிடப்படும். மன்ற அறையில் பொதுமக்களுக்கு இருக்கைகள் ஒதுக்கப்படும். கூட்ட நடவடிக்கைகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டு வெளியிடப்படும். பின்னேற்புக்கு வைக்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் பணி நடந்த தேதி, இடம், அவசரத்துக்கான காரணம் ஆகியவை குறிப்பிடப்படும். நீதிமன்ற வழக்கு, பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, திறக்கப்படாத ஒப்பந்தப்புள்ளி ஆகியவை பற்றி விவாதிக்கும்போது மட்டும், காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, பார்வையாளர்கள் வெளியே இருக்குமாறு கோரப்படுவர். நிறைவேறிய தீர்மானங்கள், ஆதரித்தவர் மற்றும் எதிர்த்தவர் பெயருடன், 7 நாட்களுக்குள் வெளியிடப்படும்.’

இதை நீங்கள் கொண்டுபோனால், ‘அரசின் தெளிவுரை பெற்றுப் பின்னர் பரிசீலிக்கலாம்’ என்று அலுவலகக் குறிப்பு வரும். தெளிவுரை கேட்டு எழுதிய கோப்பு திரும்பி வருவதற்குள் உங்கள் பதவிக்காலம் முடிந்துவிடும். ஆகையால் அப்படிக் குறிப்பு வந்தால், இதைத் தடுக்கும் விதி எது, அதன் எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஒவ்வொருவருக்கும் வார்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தும், தலைவர் படம் போட்ட போஸ்டரும், ‘நமது முயற்சியால்’ பதிக்கப்பட்ட பேவர் பிளாக் போட்டோவும் தினம் வருகின்றன. அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டா கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுங்கள். நம் வார்டு சம்பந்தப்பட்ட பொருள் எண்களுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் வேலை நடந்ததா இல்லையா என்று அன்று ராத்திரிக்குள் உங்களுக்குப் பதில் வந்துவிடும், மறுநாள் நீங்கள் மன்றத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நகரத்தில் சொத்துவரி கட்டுகிற ஒருவன்